பிரேக் அண்ணனின் கண்டனக் கடிதங்கள்

பஸ் டெப்போவில் அவருக்குப் பேர் பிரேக் அண்ணன். மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைப் படித்த மாத்திரத்தில் அவர் எந்த மதத்துக்காரர் என்று தெரிந்துவிடும். அதனால் பட்டப்பேரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். நூற்றெண்பது பேர் வேலை செய்கிற டெப்போவில் அந்த மதத்துக்காரர் அவர் ஒருவர்தான். மற்ற நூற்றெழுபத்தொன்பது பேரும் ஊரோடு சேர்ந்த பெரிய மதத்துக்காரர்கள்.

ஆள் பார்ப்பதற்குச் சாது. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் குழிக்குள் இறங்கிவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். குழி என்பது பஸ்ஸை மேலே நிறுத்திவிட்டு அடியில் நின்று வேலை பார்க்கிற ஆளுயரப் பள்ளம். அங்கே அவருக்கு இருபத்தாறு வருஷம். பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். காற்றுக் குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி விடுகிறதா என்று பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு தானும் ஏறி உட்கார்ந்து, டிரைவரை மேட்டுத் தெருவரை ஓட்டச் சொல்லுவார். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரமாகப் போய்க் குனிந்து, புறங்கையைப் பிரேக் டிரம்முக்கு அருகில் கொண்டுபோவார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் ஒரே சூடாக இருந்தால்தான் வண்டி போகலாம் என்கிற தாளில் கையெழுத்து. மேனேஜரே வந்து தலைமேல் நின்றாலும் மனுஷர் அசைய மாட்டார்.

மலைப் பாதையில் ஓட்டுகிற டிரைவர்கள் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்கள். அந்த ஒன்று போதும் அவருக்கு. பதவி உயர்வு தேடி வந்தபோதுகூட, நாற்காலி வேண்டாம் என்று குழியிலேயே இருந்துகொண்டார். உலகத்தில் அவருக்கு இருந்தது ஒரே பயம்தான்: என்றைக்காவது தன்னைக் குழியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று. அந்தப் பயத்தை அவருக்கு ஊட்டியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எனக்கு எவ்வளவோ சுலபம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கோ தூரத்து ஊரில், ஒருவன் கத்தியோடு சந்தைக்குள் புகுந்து ஏழு பேரைக் குத்திக் கொன்றுவிட்டான். அவன் பிரேக் அண்ணனின் மதத்துக்காரன். இவர் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. மறுநாள் காலை கேன்டீனுக்குள் இவர் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வேலை ஞாபகம் வந்து எழுந்து போனார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு டிரைவர்கள் மேனேஜரைப் பார்த்து, பிரேக் என்பது உயிர் சமாச்சாரம், அதில் யார் கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லதில்லையா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். சந்தேகமெல்லாம் ஒன்றும் கிடையாதாம், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்களாம்.

சாயங்காலம் ஸ்டோர்காரர் குழியோரம் வந்து குந்தி உட்கார்ந்தார். தங்கமான மனுஷர். பிரேக் அண்ணனின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர்.

“அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு உங்களைத் தெரியும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அவன் பண்ணது தப்புன்னு ஒரு வார்த்தை எழுதி போர்டுல ஒட்டிடுங்களேன். விஷயம் முடிஞ்சிடும்.”

“நான் ஒண்ணும் பண்ணலியேப்பா.”

“பண்ணலைன்னுதான் எழுதச் சொல்றேன்.”

எழுதினார். டியூட்டிப் பட்டியலுக்கும், பஸ்ஸில் பயணிகள் விட்டுப்போன குடை, கண்ணாடி வகையறாப் பட்டியலுக்கும் நடுவில் அவர் கடிதம் ஏறியது. அப்பா, என்ன மரியாதை! மறுநாள் கேன்டீனில் அவருக்கு மூன்று பேர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். மேனேஜர் தோளில் கை போட்டு, உங்களை மாதிரியே எல்லாரும் இருந்துவிட்டால் நாட்டில் பிரச்சினை ஏது என்றார். அந்த இரண்டு டிரைவர்களும் வாயைத் திறக்கவில்லை. குழி பிழைத்தது.

விஷயம் முடிந்துவிடும் என்று ஸ்டோர்காரர் சொன்னாரே, அது முடியவில்லை, அன்றுதான் ஆரம்பித்தது.

ஒரு தடவை செய்தால் நல்ல குணம். இரண்டாம் தடவை செய்தால் வழக்கம். மூன்றாம் தடவை செய்யாவிட்டால் குற்றம். எந்த மூலையில் எவன் எதைச் செய்தாலும், செய்தவன் ‘உங்க ஆளு’ என்று தெரிந்தால் போதும், கேன்டீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். பத்து மணிக்குள் கடிதம் ஏறவில்லையென்றால், அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று அக்கறையாக விசாரிப்பார்கள். வீடு புகுந்து கொள்ளையடித்த ஒருவனுக்காக எழுதினார். போலி மருந்து விற்ற ஒருவனுக்காக எழுதினார். நாட்டு அணியில் ஆடிய ஒருவன் கடைசி நிமிஷத்தில் கோலைக் கோட்டைவிட்டான். அவனும் இவர் மதம். அதற்கும் வந்து நின்றார்கள். கண்டிப்பதா, வருந்துவதா என்று தொழிற்சங்க அறையில் அரை மணி நேரம் பேசி, வருந்தினால் போதும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள்.

சங்கச் செயலாளருக்கு மொழியில் கொஞ்சம் ஈடுபாடு உண்டு. கடிதத்தை நின்று நிதானமாகப் படிப்பார். “போன தடவை ‘வன்மையாகக் கண்டிக்கிறேன்’னு போட்டிருந்தீங்க. இந்தத் தடவை வெறும் ‘கண்டிக்கிறேன்’னுதான் இருக்கு. ஆறு பேரு செத்திருக்காங்க அண்ணே. ஆளுங்க கவனிக்கிறாங்க” என்று ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிரேக் அண்ணன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு போய், இடுக்கில் ‘வன்மையாக’ என்று எழுதிச் சேர்த்துவிட்டு வந்தார்.

ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து எழுதுவது முடிகிற காரியமா? மூன்றாம் வருஷத்தில் மனைவியிடம் கொண்டுபோனார். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஊர், தேதி, எத்தனை பேர் என்ற மூன்று இடங்களை மட்டும் காலியாக விட்டு, மற்றதையெல்லாம் டைப் அடித்துத் தரச் சொன்னார். நடந்த கொடுஞ்செயலை வன்மையாகக் கண்டிக்கிறேன், இதைச் செய்தவனுக்கும் எங்கள் மதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எங்கள் மதத்தின் சார்பில் தலைகுனிகிறேன் என்று மூன்று வரி.

“எண்ணிக்கைக்கு எவ்வளவு இடம் விடணும்? ரெண்டு இலக்கம் போதுமா, மூணு வேணுமா?” என்று அவள் கேட்டாள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. மூன்று விடச் சொன்னார். ஐம்பது பிரதி எடுத்து, குழிக்குப் பக்கத்து அலமாரியில் சோப்புக் கட்டிகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ரேடியோ வைப்பார். எங்கேயாவது குண்டு, கத்தி, தீ என்று கேட்டால் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நம் ஆளாக இருக்கக் கூடாது, நம் ஆளாக இருக்கக் கூடாது என்று வாய் முணுமுணுக்கும். வேறு யாரோ என்று தெரிந்தால் அப்பாடா என்று நிம்மதியாகக் குளிக்கப் போவார். அந்த நிம்மதியை நினைத்து ஒருநாள் குளியலறையில் அவருக்கே அருவருப்பாக இருந்தது. செத்தவர்களை நினைத்து மனசு கலங்கி எத்தனை காலமாயிற்று? அவர்கள் அவருக்கு ஒரு காலி இடத்தில் நிரப்ப வேண்டிய எண்ணாகிவிட்டார்கள். இப்படி ஆகிவிட்டோமே என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டு என்ன பயன்? ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

இப்படித்தான் ஒன்பதாம் வருஷம் அந்தக் காலை வந்தது.

பக்கத்து ஊர் பஸ் நிலையத்தில், புறப்படத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸுக்குள் எவனோ பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டான். பதினொரு பேர் உள்ளேயே போய்விட்டார்கள். ஆறு மணிச் செய்தியில் அவ்வளவுதான் சொன்னார்கள். செய்தவனைப் பிடித்துவிட்டார்கள், பேர் இன்னும் தெரியவில்லை என்றார்கள். டெப்போவுக்குள் இவர் நுழைந்தபோது எல்லா முகத்திலும் ஈயாடவில்லை. எரிந்தது பஸ் ஆயிற்றே. டெப்போக்காரர்களுக்கு அது சொந்த வீடு எரிந்த மாதிரி. ஆறேழு பேர் இவரையே பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. கால் தானாக அலமாரிக்குப் போயிற்று, கை தானாகத் தாளை எடுத்தது. ஊர் எழுதினார், தேதி எழுதினார், பதினொன்று என்று எழுதினார். ஏழு மணிக்குக் கடிதம் போர்டில் இருந்தது.

எல்லோரும் படித்தார்கள். “கேக்காமலே எழுதிட்டாரு பாருங்க” என்று ஒரு கண்டக்டர் பாராட்டினார். இரண்டு பேர் போனில் படம் பிடித்து உறவுக்கெல்லாம் அனுப்பினார்கள். எல்லாருமே கெட்டவர்கள் இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்து.

பதினோரு மணிக்குப் பேர் வந்தது. அவன் பெரிய மதத்துக்காரன். கொளுத்தும்போது தன் மதத்தைக் காப்பாற்றவே செய்கிறேன் என்று கத்தினானாம். பஸ் நிலையமே கேட்டதாம்.

கேன்டீனில் ஒருவர் மெதுவாக, பாவம், புத்தி சுவாதீனம் இல்லாதவனாம் என்றார். இன்னொருவர், சின்ன வயசிலேயே தாயைப் பறிகொடுத்தவனாம் என்றார். பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாளாம், வேலை போய்விட்டதாம், தூக்கமே கிடையாதாம். பத்து நிமிஷத்துக்குள் அவனுக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாறு கிடைத்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் பிரேக் அண்ணன் எழுதின அத்தனை பேரில் ஒருவனுக்காவது தாய் இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

அப்போதுதான் ஒருவருக்குப் போர்டு ஞாபகம் வந்தது.

பிரேக் அண்ணன் ஓடிப்போய்க் கிழிப்பதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. காலையில் இனித்த அதே மூன்று வரி இப்போது கசந்தது. எங்கள் மதத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று போட்டிருக்கிறாரே, அப்படியென்றால் யார் மதத்துக்குச் சம்பந்தம் என்று சொல்ல வருகிறார்? சங்கச் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, மனுஷருக்கு உண்மையாகவே புண்பட்டிருந்தது.

“எவனோ ஒரு பைத்தியக்காரன் பண்ணதுக்கு எங்க எல்லாரையும் இழுக்கலாமா அண்ணே? அவனுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?”

“நியாயமே இல்லைங்க” என்றார் பிரேக் அண்ணன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மனப்பூர்வமாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

அதோடு போயிற்றா? படம் பிடித்து அனுப்பியிருந்தார்களே, அது போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய், மூன்று மணிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். பேர் வெளியாகும் முன்னாலேயே கண்டனம் ஒட்டியிருக்கிறாரே, இவருக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பது அவர் கேள்வி. அலமாரியைத் திறந்தார்கள். சோப்புக்கு அடியில் மிச்சமிருந்த தாள்களை இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு. ஊர் காலி, தேதி காலி, சாவு எண்ணிக்கை காலி.

“இன்னும் பதினேழு இடத்துக்குத் திட்டம் இருக்கா?”

“ஐயோ, இல்லைங்க. நடந்தா எழுதிக்கலாம்னு வச்சிருந்தேன்.”

“நடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஸ்டோர்காரர் குறுக்கே வந்து, இது இந்த டெப்போவின் பழைய வழக்கம் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறையாக எடுத்துச் சொல்லி, இன்ஸ்பெக்டரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். தாள்களை மட்டும் இன்ஸ்பெக்டர் சாட்சியமாகக் கொண்டுபோய்விட்டார்.

மேனேஜர் நல்லவிதமாகவே பேசினார். கொஞ்ச நாளைக்குக் குழி வேண்டாம், பஸ் கழுவுகிற இடத்தில் இருங்கள், ஆட்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்றார். பெரும்பான்மை மக்களின் மனதைப் புண்படுத்தியதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், மறு நிமிஷம் குழிக்குத் திரும்பலாம். அதற்கான உத்தரவில் கையெழுத்தே போட்டு வைத்துவிட்டேன் பாருங்கள் என்று எடுத்தும் காட்டினார்.

ஒரு வாரம் பஸ் கழுவினார். வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தால் குழி நேராகத் தெரியும். வேறு டெப்போவிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் சோப்பு நுரை தடவுவதில்லை, மேட்டுத் தெருவரை ஓட்டிப் பார்ப்பதுமில்லை. அடியில் ஒரு டார்ச் அடிப்பார், மேலே வந்து கையெழுத்துப் போடுவார், அடுத்த வண்டி. பிரேக் அண்ணன் தண்ணீர்க் குழாயை ஒரே சக்கரத்தின்மேல் பிடித்தபடி நின்றுவிடுவார். கோபமில்லை, பயம்தான். நாற்பது நாற்பது பேராக அந்த வண்டிகளில் ஏறிப் போகிறார்களே.

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். டைப் அடித்ததில் மட்டுமே முப்பத்து மூன்று ஒட்டியவருக்கு இன்னும் ஒன்று பெரிதா? சாயங்காலம் மனைவியிடம் வாசகத்தைச் சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் வீட்டிலிருந்த பழைய டைப்ரைட்டரில் தாளைச் செருகி அடித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தினாள்.

“இதுலயும் எத்தனை பேருன்னு போடணுமா?”

“போடு. பதினொண்ணு.”

“யாரு யாருங்க அவங்க?”

தெரியாது. கொளுத்தியவனின் தாய், பெண்டாட்டி, தூக்கமின்மை வரை டெப்போவுக்கே தெரியும். செத்தவர்களில் ஒருவரைப் பற்றியும் அவருக்கு ஒன்றுமே தெரியாது. இத்தனை வருஷத்தில் எழுதிய எந்தக் கடிதத்துக்கும் தெரியாது. அவள் மெஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனார். எரிந்த பஸ்ஸைச் சுற்றிக் கயிறு கட்டி, நிலையத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். பழக்கதோஷம், அவர் கண் முதலில் சக்கரங்களைத்தான் பார்த்தது. பிரேக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்பக்க அவசரக் கதவைப் பார்த்தார். கொக்கி துருவேறி இறுகியிருந்தது. உள்பக்கம் அந்தக் கதவில் கை கையாகக் கீறல். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார். ஒன்பது வருஷத்து அழுகை.

ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே இன்னும் சிலர் காத்துக்கொண்டிருந்தார்கள். அடையாளம் காண்பதில் தாமதமாம். ஒவ்வொருவராகப் போய், அங்கே இல்லாத குடும்பங்களைப் பற்றியும் சேர்த்து விசாரித்தார். பயிற்சி நர்ஸாக இருந்த ஒரு பெண்ணின் தாய், வாங்க தம்பி என்று பெஞ்சில் இடம் விட்டாள். எங்கே வேலை என்று கேட்டாள். பஸ்ஸில் வேலை பார்க்கிறேன் அம்மா என்றார். பஸ்ஸைப் பற்றித் தெரிந்த ஆள் என்றதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப வலிச்சிருக்குமா தம்பி?”

“இல்லம்மா. புகை முதல்ல வந்துடும். மயக்கமாயிடுவாங்க. ஒண்ணுமே தெரியாது.”

கீறலைப் பார்த்துவிட்டு வந்தவர். வாழ்நாளில் வாகனத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்து மத்தியானம் வரை இருந்தாள். பேர் என்னவென்று கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து தன் கையாலேயே எழுதினார். கண்டனம் இல்லை, மன்னிப்பு இல்லை. பதினொரு வரி. பயிற்சி நர்ஸ், வயது இருபத்தொன்று, முதல் சம்பளத்தில் தாய்க்குக் கண்ணாடி வாங்கித் தந்தவள். தச்சர், நாற்பத்தெட்டு, கட்டில் ஒன்றைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார். அக்காளும் தங்கையும், ஒரே அச்சகத்தில் வேலை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்களாம். இப்படியே கடைசிவரை. யாருடைய பேரையும் எழுதவில்லை. பேரைப் போட்டால் அதை வைத்து ஊர் அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? கீழே, இவர்களுக்காக வருந்துகிறேன் என்று மட்டும் எழுதினார்.

மேனேஜர் அறையில் சங்கச் செயலாளரும் இருந்தார். இருவரும் சேர்ந்து படித்தார்கள். நர்ஸின் வரி வந்தபோது மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணே, மன்னிப்பைவிட இது மேல், ஆட்கள் மனசு இளகிவிடும் என்றார். டிராயரைத் திறந்து அந்த உத்தரவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரேக் அண்ணன் கையை நீட்டக்கூட நீட்டிவிட்டார்.

செயலாளர்தான் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

“இதுல யாரு எந்த மதம்னு போடலியே அண்ணே?”

அதற்கென்ன என்றார் பிரேக் அண்ணன். செயலாளர் பொறுமையாக விளக்கினார். செத்ததில் உங்கள் ஆட்கள் அதிகம் என்றால், உங்கள் ஆட்களுக்காகத்தான் அழுகிறீர்கள் என்பார்கள். எங்கள் ஆட்கள் அதிகம் என்றால், எங்களை நாங்களே கொன்றுகொண்டோம் என்று குத்திக்காட்டுகிறீர்கள் என்பார்கள். எது எத்தனை என்று தெரியாமல் போர்டில் ஏற்றினால் சங்கம் பதில் சொல்ல வேண்டிவரும். மேனேஜருக்கும் அது சரியாகவே பட்டது.

“ஒண்ணும் பெரிய வேலையில்ல. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல சின்னதா ஒரு குறி போடுங்க, நமக்கு மட்டும். அஞ்சு நிமிஷம். உத்தரவை எடுத்துக்கிட்டு நேரா குழிக்குப் போயிடலாம்” என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். “உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

பிரேக் அண்ணன் பேனாவைப் பார்த்தார். உத்தரவைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் குழி தெரிந்தது. புது ஃபிட்டர் மேலே ஏறி வந்து யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழிக்காக முப்பத்து மூன்று தடவைக்கு மேல் தலைகுனிந்தவர் அவர். பதினொரு குறி என்ன பெரிய காரியம்?

“அந்தம்மா என் தோள்ல சாய்ஞ்சு அழுதாங்க சார். பேருகூடக் கேக்கலை. அவங்க பொண்ணுக்குப் பக்கத்துல நான் குறி போட மாட்டேன்.”

குரல் உயரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் பிரேக் சரியில்லாத வண்டிகளுக்கு எந்தக் குரலில் முடியாது என்று சொல்வாரோ அதே குரல். செயலாளர், நாங்கள் என்ன கேட்கக் கூடாததையா கேட்டுவிட்டோம் என்று வருத்தப்பட்டார். மேனேஜர் உத்தரவை மறுபடி டிராயரில் வைத்தார். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, தன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, பிரேக் அண்ணன் படி இறங்கினார்.

மத்தியானம் மலைப் பாதை பஸ் கழுவ வந்தது. டிரைவர் இறங்கி, தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, எப்போது குழிக்குத் திரும்புகிறீர்கள் என்று கேட்டார்.

“இனிமே இல்லப்பா.”

டிரைவர் தாளில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். வாசலில் பயணிகள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். நாற்பத்திரண்டு பேர் ஏறினார்கள். பிரேக் அண்ணன் குழாயை மூடிவிட்டு, வண்டி திருப்பத்தில் பிரேக் போடுகிற சத்தம் கேட்கிறவரை அசையாமல் நின்றார்.